மொய் நோட்டும் பால் கணக்கு நோட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மா, ஆச்சி, தம்பி எல்லாரும் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதில் அளவெல்லாம் வருகிறது, போனில் சொன்னால் நிற்காது. அதனால்தான் கடிதம். சம்பளத்தில் பிஜி வாடகையும் படிப்புக் கடனும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான், தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது எல்லாருக்கும் கையாலேயே ஏதாவது செய்து கொண்டுவரலாமா, தையில் தோழி கல்யாணம் வருகிறதே, அதற்கும் அப்படிச் செய்தால் நன்றாக இருக்குமா என்று கேட்டாய். தாராளமாகச் செய்யலாம்மா. பைண்டிங் பட்டறையிலேயே காலத்தை ஓட்டியவனிடம் அவன் மகள் இப்படிக் கேட்டால் அதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்?

எதைச் செய்யலாம் என்று முதலில் யோசிக்காதே. ஒரு தாளில் பெயர்களை எழுது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரில், அவர்கள் தினமும் கையில் எடுக்கிற பொருள் என்ன, எது இல்லாமல் சிரமப்படுகிறார்கள் என்று எழுது. செல்போனில் பார்த்த ஒரு பொருளை எல்லாருக்கும் ஒன்றுபோலச் செய்து கொடுத்தால் அது ஷோகேசில் தூசி பிடிக்கும். உன் சித்தி பால் கணக்கைத் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி, ஆணியில் குத்தி வைக்கிறாள். மாசக் கடைசியில் பாதித் தாள் காணாமல் போய், பால்காரரோடு வாக்குவாதம். அவளுக்கு உள்ளங்கை அளவில் ஒரு நோட்டும், அதில் பென்சில் கட்டித் தொங்கவிட ஒரு நூலும் போதும். உன்னோடு தங்கியிருக்கும் பெண் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றாயே, அவளுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கக் கோடு போடாத தடிமனான நோட்டு. இப்படி ஆளைப் பார்த்துச் செய்தால் விலையைப் பற்றி யாரும் நினைக்கவே மாட்டார்கள்.

சரி, தொழிலுக்கு வருகிறேன். 75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்கிற அளவு) ஏ4 தாள் ஒரு ரீம் வாங்கு, அதில் 500 தாள் இருக்கும். ஐந்து தாளைச் சேர்த்து நடுவில் மடித்தால் ஒரு மடிப்பு. அப்படி எட்டு மடிப்பு சேர்ந்தால் 40 தாள், 160 பக்கம். ஒரு ரீமில் பன்னிரண்டு நோட்டு வந்துவிடும். மீதித் தாளை வெட்டிச் சித்திக்குச் சின்ன நோட்டு போடலாம்.

தாளுக்கு நார் ஓட்டம் என்று ஒன்று உண்டு. பேப்பரைக் கிழித்துப் பார், ஒரு பக்கம் நேராகக் கிழியும், இன்னொரு பக்கம் கோணல்மாணலாகப் போகும். நேராகக் கிழிகிற திசைதான் நாரின் திசை. கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். நாம் மடிப்பது அதற்குக் குறுக்கே. அதனால் மடிப்பு முரண்டு பிடிக்கும். கரண்டிக் காம்பால் மடிப்பின் மேல் இரண்டு மூன்று தடவை நன்றாக அழுத்தித் தேய், படிந்துவிடும். மேலட்டைக்கு மட்டும் நார் நோட்டின் முதுகுக்கு, அதாவது தைக்கிற பக்கத்துக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். இரண்டு கையாலும் அட்டையை வளைத்துப் பார்த்தால் ஒரு வாட்டத்தில் லேசாக வளையும். நோட்டு திறக்கிற வாட்டத்திலேயே அட்டையும் லேசாக வளையும்படி வெட்டிக்கொள். இதைக் கவனிக்காவிட்டால் பசை காய்ந்ததும் அட்டை அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும்.

ஒவ்வொரு மடிப்பின் முதுகிலும் ஆறு துளை. எல்லாத் துளையும் ஒரே இடத்தில் வர வேண்டும், அதனால் ஓர் அட்டைத் துண்டில் ஆறு புள்ளி வைத்து, அதையே அளவாக வைத்துக் குத்து. பருத்தி நூலை மெழுகுவர்த்தியில் இழுத்து எடு, முறுக்கிக்கொள்ளாது, சிக்கும் விழாது. முதல் மடிப்பின் ஓரத் துளையில் நுழைந்து, உள்ளே வெளியே என்று ஓடி மறுகோடிக்குப் போ. அதன் மேல் இரண்டாவது மடிப்பை வைத்து அதேபோலத் திரும்பி வா. வந்த இடத்தில், ஆரம்பத்தில் விட்ட நூல் நுனியோடு முடிச்சுப் போடு. மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு கோடியிலும் ஊசியைக் கீழே இருக்கும் இரண்டு மடிப்புக்கும் நடுவே விட்டு, நூலை வளையமாக்கி அதற்குள் இழுத்து இறுக்கு. இந்த முடிச்சுதான் நோட்டின் உயிர். நூலை மடிப்பின் நீளவாக்கில் இழு. மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் தாள் கிழிந்துவிடும்.

தைத்து முடித்ததும் முதுகில் பசை தடவி, துணி ஒட்ட வேண்டும். பட்டறையில் நாங்கள் மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்போம். அது விஷம், நீ தங்கியிருக்கும் இடத்தில் அந்தப் பேச்சே வேண்டாம். உனக்கு ஃபெவிகால் போதும். முதுகுக்கு, பைண்டிங்குக்கென்றே விற்கிற காலிகோ துணி தேடி அலையாதே. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்று நடுவில் நைந்துவிட்டது, ஓரம் இன்னும் கெட்டியாக இருக்கிறது. அதைக் கிழித்துத் துவைத்து, இஸ்திரி போட்டு அனுப்புகிறேன். சித்திக்கும் அத்தைக்கும் அது யார் சேலை என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

மேலட்டை மூன்று பக்கமும் தாளைவிட 3 மில்லிமீட்டர் வெளியே நிற்கட்டும். அட்டைக்கு உள்பக்கம் ஒட்ட உனக்கு நான் சொல்லவே வேண்டாம், நம் ஊர்க் காலண்டர் தாள் இருக்கிறது. ஆடிப்பெருக்குக்குப் புது வருஷக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியிட்டதிலிருந்து சிவகாசியில் யாருக்கும் தூக்கம் இல்லை, டிசம்பர் வரைக்கும் இப்படித்தான். மாதிரிக்கு அடித்த தாள்களில் பூவும் மலையும் போட்டதாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன். சாமி படம் போட்டதை எடுக்கவில்லை. அதை வெட்டவும் மனசு வராது, வாங்குகிறவர்களுக்கும் கீழே வைக்கக் கூச்சமாக இருக்கும். ஒட்டின பிறகு ராத்திரி முழுக்கப் பாரத்தின் கீழ் இருக்கட்டும். இங்கே அம்மிக்கல் இருக்கிறது, உனக்கு டிரங்குப் பெட்டி. ஈரம் காயாமல் எடுத்துப் பார்க்கிற ஆசை வரும், எடுக்காதே.

இப்போது கல்யாண விஷயம். உன் தோழிக்கு நீ மொய் நோட்டு தைத்துக் கொடு. ரொம்ப யோசித்துத்தான் சொல்கிறேன். மாப்பிள்ளை, பொண்ணு இரண்டு வீடும் மதுரைப் பக்கம் என்றாய், அப்படியென்றால் மொய் எழுதாமல் கல்யாணம் கிடையாது. சேலை, நகை, மண்டபம் எல்லாம் ஆறு மாசம் முன்னாலேயே பார்க்கிறார்கள். மொய் நோட்டை மட்டும் முதல் நாள் சாயங்காலம் யாரையாவது கடைக்கு ஓடவிட்டு, கிடைத்ததை வாங்கிவருகிறார்கள். ஸ்டேப்ளர் பின் அடித்த நோட்டாக இருக்கும். நாலு வருஷத்தில் பின் துருப்பிடித்து நடுத்தாள் கழன்றுவிடும். ஆனால் அந்த நோட்டு பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பொருள். நமக்கு 501 எழுதினவர் வீட்டில் விசேஷம் என்றால் அதை எடுத்துப் பார்த்துத்தானே திருப்பிச் செய்கிறோம்? ஆச்சி இன்றைக்கும் உன் பெரியப்பா கல்யாணத்து நோட்டைப் பிரித்து, இன்னார் இவ்வளவு செய்தார் என்று சொல்வதை நீயே பார்த்திருக்கிறாய். கல்யாணம் நடந்த வீட்டில் ஆல்பத்தைவிட அதிகம் பிரிக்கிற புத்தகம் அதுதான்.

அதற்கு ஏ3 தாள் வேண்டும், ஜெராக்ஸ் கடையில் சொன்னால் தருவார்கள். மடித்தால் ஏ4 அளவுப் பக்கம் வரும். ஐந்து ஐந்து தாளாக மூன்று மடிப்பு, 60 பக்கம். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டால் மேலும் கீழும் இடம் விட்டு ஒரு பக்கத்துக்கு 24 வரி. கடைசி வரியைப் பக்கக் கூட்டுத்தொகைக்கு விட்டுவிடு. ஆயிரம் பேருக்கு மேல் எழுதலாம். கட்டம் நாலு: வரிசை எண், ஊர், பெயர், தொகை. ஊர்க் கட்டத்தையும் பெயர்க் கட்டத்தையும் தாராளமாக விடு. ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். அப்பா பெயர், கடை, பட்டப்பெயர் எல்லாம் சேர்த்து எழுதினால்தான் பின்னால் ஆள் அடையாளம் தெரியும். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, மணமக்கள் பெயரும் தேதியும் மண்டபமும் எழுத இடம் விடு. கடைசிப் பக்கங்களைக் கோடு போடாமல் விடு. கல்யாணத்துக்கு வர முடியாமல் பிறகு வீட்டுக்கு வந்து கொடுப்பவர்களுக்கு அது உதவும். கூடவே இரண்டு பால்பாயிண்ட் பேனாவும் வை. ஜெல் பேனா வேண்டாம், மொய் எழுதுகிற மேசையில் சந்தனமும் பன்னீரும் இருக்கும், ஒரு சொட்டு விழுந்தால் மை பரவிவிடும். நோட்டைக் கல்யாணத்தன்று கொண்டுபோய் நீட்டாதே. ஒரு வாரம் முன்னாலேயே அவள் அம்மா கையில் கொடுத்துவிடு, அப்போதுதான் உபயோகமாகும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். முறை செய்ய வேண்டிய இடத்தில் முறைதான். அத்தை பேத்திக்குக் காதுகுத்து வருகிறது, அங்கே நாம் எழுத வேண்டிய மொய்யை நான் எழுதிவிடுவேன். அதற்குப் பதிலாக ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டு வர முடியாது. நாளைக்கு அவர்கள் நமக்குத் திருப்பிச் செய்கிற கணக்கு அது, அதில் கை வைக்கக் கூடாது. உன் தோழி கல்யாணத்திலும் முடிந்த மொய்யைத் தனியாக எழுது, 101 ஆனாலும் சரி. கையால் செய்வது அன்புக்கு. அதனால்தான் பெரியத்தைக்குச் சேலையை நானே எடுத்துவிட்டேன். அவர் இந்த வீட்டில் மூத்தவர், தீபாவளிக்குத் துணி எதிர்பார்ப்பது நியாயம். நீ வேண்டுமானால் அவருக்குப் பருப்புப்பொடி கொண்டு வா. அம்மாவிடம் பக்குவம் கேட்டுக்கொள். வறுத்த பருப்பு முழுசாக ஆறின பிறகு அரை, சூடாக அரைத்தால் ஈரம் விட்டுச் சீக்கிரம் கெட்டுவிடும்.

மதுரை மதினிக்குக் கார்த்திகையில் பிரசவம். அவளுக்குத் தீபாவளிக்கு எதுவும் வேண்டாம், பிள்ளை பிறக்குமுன் பொருள் கொடுப்பதை ஆச்சி விரும்ப மாட்டாள். என் பழைய வேட்டிகளை வெந்நீரில் அலசி வெயிலில் போட்டு வைத்திருக்கிறேன். துவைத்துத் துவைத்துப் பஞ்சு போலிருக்கிறது. பிறந்த பிள்ளைக்கு முதலில் பழைய துணிதானே சுற்றுகிறோம். சதுரமாக வெட்டி ஓரம் அடித்துத் தா. பிள்ளையைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோகலாம்.

எல்லாவற்றையும் எதில் வைத்துக் கொடுப்பது என்றும் கேட்டாய். மினுமினுப்புத் தாள் வாங்காதே, பிரித்தவுடன் குப்பைக்குத்தான் போகும். துணிப்பை தைத்துப் போடு. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பையைத் தடை செய்தார்கள், 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசாங்கமே ஆரம்பித்தது. நம் வீட்டில் அது போகவே இல்லையே, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை ஒவ்வொன்றும் வருஷக்கணக்கில் கடைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது. மிஞ்சிய வேட்டித் துணியில் தைத்து, மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கிக் காயப்போட்டால் நிறம் நன்றாக வரும். முதல் இரண்டு தடவை மட்டும் தனியாகத் துவைக்கச் சொல், சாயம் விடும்.

ஆச்சிக்கு என்ன செய்வது என்று நீ கேட்கவில்லை. ஆனால் நான் ஒன்று நினைத்து வைத்திருக்கிறேன். ஆச்சியின் குழம்பு, துவையல், சீடை, லேகியம் எல்லாம் அவள் வாயில்தான் இருக்கிறது, எழுத்தில் ஒன்றுகூட இல்லை. தடிமனான நோட்டு ஒன்று தைத்துக் கொண்டு வா. தீபாவளி முடிந்து நீ கிளம்புவதற்குள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல எழுது. உழக்கு, ஆழாக்கு என்றுதான் சொல்வாள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. அவள் வைத்திருக்கும் ஆழாக்கில் தண்ணீர் பிடித்து, உன் மில்லி கப்பில் ஊற்றி அளவை நோட்டின் முதல் பக்கத்திலேயே குறித்துவிடு. 'கைப்பிடி' என்றால் அவள் கையில் அள்ளச் சொல்லி அதையும் அள. அவள் சொல்கிற வார்த்தையை மாற்றாதே, 'பொன்னிறமாக' என்று நீயாக எழுதாதே. 'வாசம் கூடத்துக்கு வரணும்' என்று சொன்னால் அப்படியே எழுது. பிறகு அதைப் பார்த்து எழுதி இன்னும் இரண்டு நோட்டு போட்டால், ஒன்று துபாயில் இருக்கும் உன் அண்ணனுக்கு, ஒன்று சித்திக்கு. அசல் ஆச்சியிடமே இருக்கட்டும். தன் பேச்சு புத்தகமாக வந்ததை அவள் பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டுவாள்.

பார்சலை வெள்ளிக்கிழமை போடுகிறேன். சுங்குடித் துணி, காலண்டர் தாள், அட்டை, நூல்கண்டு, ஊசி, வேட்டி எல்லாம் அதில் இருக்கும். முதலில் சித்தியின் சின்ன நோட்டைத் தைத்து, முதுகுப் பக்கம் போட்டோ எடுத்து அனுப்பு. முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன், அதற்கு அப்புறம் மொய் நோட்டில் கை வை. தோழி கல்யாணத் தேதியையும் மண்டபத்தின் பெயரையும் எழுதி அனுப்பு, முதல் பக்கத்து எழுத்தை இங்கே பிரஸ்ஸில் அழகாக அடித்துத் தரச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா