முன்னோடிகளையும் சொல்லுங்கள்

ஜாஸ் பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான விஜய் ஐயர் குறித்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் 1971-இல் பிறந்தது, படைப்பாற்றலுக்காக 2013-இல் பெற்ற மக்ஆர்தர் நல்கை, ஹார்வர்டு பேராசிரியர் பணி எல்லாம் இருந்தன. அவருடைய இசை எங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. சிறுவயதில் வயலின் கற்றவர். பியானோவைப் பெரும்பாலும் தாமாகவே பழகியவர். கறுப்பின ஜாஸ் பியானோ மேதை தெலோனியஸ் மங்க்கின் இசையில் ஊறி, சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மன், டிரம்பெட் கலைஞர் வடாடா லியோ ஸ்மித் போன்ற கறுப்பின மூத்தவர்களோடு வாசித்து வளர்ந்தவர். அந்த மரபை விட்டுவிட்டு, ‘நம்மவர்’ என்று மட்டும் பெருமைப்படுவது அவருக்கே நியாயமாகாது.

நானும் முதலில் அவர் வாசிப்பில் கர்நாடக இசையின் சாயலைத்தான் தேடினேன். மங்க்கின் தனிப் பியானோ பதிவுகளைக் கேட்ட பிறகே ஸ்வரங்களுக்கிடையே ஐயர் விடும் இடைவெளிகள் பிடிபட்டன. இத்தகைய கட்டுரைகளுடன், முன்னோடிகளுடையதையும் சேர்த்து, கேட்க வேண்டிய நான்கைந்து இசைத்தொகுப்புகளின் பெயர்களை வெளியிட வேண்டுகிறேன்.