சி லேப் நடத்தும் மதுரை வட்டார ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

கப்பலூர் பக்கம் ஒரு சின்ன நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறேன். எடைமேடை, அரிசி ஆலை, நூற்பாலை இவற்றில் ஓடும் சிறு நிரல்கள்தான் எங்கள் பிழைப்பு. பெரும்பாலும் சி மொழி. உங்கள் கல்லூரிகளில் படித்து வரும் பிள்ளைகளைத்தான் வேலைக்கு எடுக்கிறோம். பாயிண்டர், லிங்க்டு லிஸ்ட் எல்லாம் கேட்டால் டக்கென்று சொல்கிறார்கள். அதில் குறையே இல்லை. உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. லேபில் ஃபைல் பாடம் எடுக்கும்போது, நிரல் தோற்றால் அது என்ன சொல்கிறது என்பதற்கும் மதிப்பெண் போடுங்கள்.

இப்போது ரெக்கார்டு நோட்டில் இருப்பது என்ன? ஃபைலைத் திறக்கும் எஃப்ஓப்பன் தோற்று நல் (வெற்று முகவரி) கொடுத்தால் ‘எரர்’ என்று அச்சிட்டுவிட்டு எக்ஸிட். கொஞ்சம் அக்கறையுள்ள மாணவர் ‘கேனாட் ஓப்பன் ஃபைல்’ என்று எழுதுவார். எந்த ஃபைல், ஏன் திறக்கவில்லை என்பது இரண்டிலுமே இல்லை. இத்தனைக்கும் காரணத்தை இயங்குதளம் எர்னோ என்ற மாறியில் எண்ணாக வைத்துவிட்டுத்தான் போகிறது. நாம்தான் எடுத்துப் பார்ப்பதில்லை.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு எடைமேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. கணினி சீரியல் போர்ட் வழியாக எடையை வாங்க வேண்டும். திரையில் ‘போர்ட் எரர்’. லினக்ஸில் அந்த ஓப்பன் அழைப்பு 2 என்ற எண்ணோடு தோற்றிருந்தால் அந்தப் பெயரில் சாதனமே இல்லை, யூஎஸ்பி கேபிள் கழன்றிருக்கலாம். 13 என்றால் அனுமதி இல்லை. உபுண்டுவில் பெரும்பாலும் அந்தப் பயனரை சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்க்காமல் விட்டதுதான் காரணம். 16 என்றால் வேறொரு நிரல் போர்ட்டைத் தனக்கென்று பிடித்து வைத்திருக்கிறது. கேபிள் கழன்றிருந்தால் அங்கே உட்கார்ந்திருக்கும் ஊழியரே சொருகிவிடுவார். ‘போர்ட் எரர்’ என்று மட்டும் வந்தால் மூன்றுக்குமே நாங்கள் திருமங்கலம் தாண்டி பைக்கில் ஓட வேண்டியதுதான்.

எண்ணைச் சொல்லாக்க சி-யிலேயே வழி இருக்கிறது. ஸ்டர்எரர் என்ற ஃபங்ஷனிடம் எர்னோவைக் கொடுத்தால் ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’, ‘பர்மிஷன் டினைட்’ என்று வாசகமாகத் தரும். பிஎரர் அதையே நம் முன்னொட்டோடு சேர்த்து பிழைச் செய்திக்கென்றே உள்ள ஸ்டாண்டர்டு எரர் வெளியீட்டுக்கு அனுப்பும். ஆனால் பிஎரருக்குள் ‘ஓப்பன்’ என்று மட்டும் எழுதினால் பாதி வேலைதான். ஃபைல் பெயரும் வர வேண்டும்.

பிள்ளைகள் சறுக்கும் இடம் எர்னோவை எப்போது பார்ப்பது என்பதில். நூலக ஃபங்ஷன் எதுவும் எர்னோவைச் சுழியாக்குவதில்லை. ஆகவே எர்னோ சுழியில்லை என்பதை வைத்து அழைப்பு தோற்றது என்று முடிவுகட்டக் கூடாது. திரும்பி வந்த மதிப்பைப் பார்த்து, தோல்வி என்று தெரிந்த பிறகே எர்னோவைப் பார்க்க வேண்டும். பார்த்ததும் ஒரு இன்ட் மாறியில் எடுத்து வைத்துவிட வேண்டும். இடையில் ஒரு பிரிண்ட்எஃப், ஒரு குளோஸ் வந்தால்கூட எர்னோ மாறிவிடலாம். அப்புறம் வருகிற செய்தி சம்பந்தமே இல்லாத வேறொன்றாக இருக்கும். செய்தியே இல்லாததைவிட இது மோசம், ஆளைத் தப்பான இடத்தில் தேட வைக்கும். த்ரெட்களை (ஒரே நிரலுக்குள் ஒருசேர ஓடும் வேலைகளை) கையாளும் பி-த்ரெட் ஃபங்ஷன்கள் பிழை எண்ணை நேராகவே திருப்பித் தரும், எர்னோவில் வைக்காது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுங்கள்.

பல த்ரெட் உள்ள நிரலில் ஸ்டர்எரருக்குப் பதில், த்ரெட்கள் மோதிக்கொள்ளாத ஸ்டர்எரர்-ஆர் பயன்படுத்தச் சொல்வீர்கள். சரி, ஆனால் அதற்கு இரண்டு முகம். போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரம்) வடிவம் ஒரு இன்ட் தந்து, செய்தியை நாம் கொடுத்த பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) எழுதும். லினக்ஸில் வழக்கமாக உள்ள குனு சி நூலகத்தின் வடிவம் செய்தியின் முகவரியைத் திருப்பித் தரும், பஃபரைத் தொடாமலேயே விடலாம். இது தெரியாமல் பஃபரை அச்சிட்டால் குப்பைதான் வரும். இப்படி ஒரே பெயரில் இரண்டை விட்டுவைத்தது யார் புண்ணியமோ!

எண்ணை நேரடியாக நிரலில் எழுத விடாதீர்கள். இணைப்பு மறுக்கப்பட்டது என்பதற்கு லினக்ஸில் 111, மேக்கில் 61. எர்னோ ஹெடர் ஃபைலில் இந்த எண்களுக்கு உள்ள பெயர்களைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஸ்டர்எரர் தருவது நிரலாளருக்கான வாசகம் என்பதும் நினைவில் இருக்கட்டும். பழைய யூனிக்ஸில் 25-ஆம் எண்ணுக்கு (டெர்மினல் அல்லாத ஒன்றிடம் டெர்மினல் வேலையைக் கேட்ட பிழை) ‘நாட் எ டைப்ரைட்டர்’ என்று வரும். எடைமேடை ஊழியர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? நாங்கள் நிரலில் ஒரு ஸ்விட்ச் கட்டளை போட்டு, களத்தில் அடிக்கடி வரும் நாலைந்து பிழைக்கு மட்டும் ‘எடைக் கேபிள் கழன்றிருக்கிறது, சொருகிப் பாருங்கள்’ என்கிற மாதிரி தமிழில் எழுதுகிறோம். மற்றவை ஸ்டர்எரருக்குப் போகும். லாக் ஃபைலில் எண், மூல வாசகம், ஃபைல் பெயர் மூன்றும் இருக்கும். நூற்றுக்கும் மேலே இருக்கிற பிழைகளை எல்லாம் தமிழாக்க வேண்டியதில்லை, பாதி இந்த ஜென்மத்தில் வராது.

லேபில் இதைச் சோதிக்கச் செலவே இல்லை. ஒரு ஃபைலின் படிக்கும் அனுமதியை எடுத்துவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். கணினியில் ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகியாக) நுழைந்திருந்தால் மட்டும் தடை இல்லாமல் திறந்துவிடும், கவனம். அடுத்து, லினக்ஸின் டெவ் அடைவில் உள்ள, எப்போதும் இடம் நிறைந்ததாகவே காட்டும் ஃபுல் என்ற போலிச் சாதனத்தைத் திறந்து ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எஃப்பிரிண்ட்எஃப் ஜெயித்ததாகவே சொல்லும், ஏனென்றால் எழுத்து இன்னும் பஃபரில்தான் இருக்கிறது. எஃப்குளோஸ் செய்யும்போதுதான் தோற்கும்: 28, இடம் இல்லை. எஃப்குளோஸ் என்ன திருப்பித் தருகிறது என்று பார்க்காத மாணவரின் நிரல், எழுதாத எடையை எழுதியதாக நினைத்துக்கொண்டு அமைதியாக முடிந்துவிடும். வைவாவில் கேட்க நல்ல கேள்வி. எங்கள் நேர்முகத் தேர்விலும் இனி இதைத்தான் கேட்கப் போகிறோம், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
கப்பலூரிலிருந்து ஒரு சி நிரலாளன்