பெர்த்தில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

நாங்கள் நலம். வெள்ளிக்கிழமை இங்கே மெல்பர்னில், கேரம் டவுன்ஸ் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். நட்சத்திரம் கேட்ட ஐயர், "ஃபுட்டி விளையாடுகிற பிள்ளைதானே?" என்றார். அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவுஸ்திரேலியர்களின் இந்த முட்டைப் பந்து ஆட்டம் சோறு போடுமா என்று கேட்ட மனிதர்தான்!

நேரத்துக்குச் சாப்பிடு. நேரத்துக்குத் தூங்கு. அக்காவின் புது வேலையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை ஆட்டத்தை இணையத்தில் பார்த்தோம். நாட்டின் பெரிய லீக்கான ஏ.எஃப்.எல். ஆட்டம் என்றால் நிறையக் கமரா இருக்கும், தலையில் அடிபட்டதா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவே ஆள் இருப்பார்கள். மாநில லீக்கில் அவ்வளவு கண்கள் இல்லை. மூன்றாவது கால்பகுதியில் நீ உதைத்த பந்தை அந்தரத்தில் பிடிக்க, அந்த மார்க்குக்காக, எழும்பி விழுந்தாயே, எழுந்ததும் எந்தப் பக்கம் நடந்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வர்ணனையாளர் பந்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அப்பாவும் பந்தைத்தான் பார்த்தார்.

நீ தங்கியிருக்கும் வீட்டு அம்மாவிடம் நான் எதுவும் விசாரிக்கவில்லை. அவராகத்தான் எழுதினார், இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று அறைக்குள் போய்விடுகிறாயாம். வீடியோவில் கதைத்தபோதும் பட்டப்பகலில் திரைச்சீலையை மூடி வைத்திருந்தாய். பெர்த் வெயில் கடுமை என்றாய். ஜூலை மாதத்தில் என்ன வெயில், தம்பி?

ஒப்பந்தம் இந்த வருட முடிவோடு முடிகிறது என்பது எனக்கும் தெரியும். தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்திருக்கிறது, கன்கஷன் என்று கழக டொக்டர் எழுதிவிட்டால் குறைந்தது 12 நாள் களமிறங்க முடியாது, அதற்குள் முதல் ஏ.எஃப்.எல். ஆட்டத்துக்கு வேறு ஒருவனை எடுத்துவிடுவார்கள் என்று கணக்குப் போடுகிறாய். பதினெட்டு வயதில் தெரிவாகிப் போனவன், இரண்டு குளிர்காலம் காத்திருந்தவன், கணக்குப் போடாமல் இருப்பாயா? உன் அறிமுக ஆட்டத்தில் உடுப்பறைக்கு வந்து ஜெர்சியைக் கையில் தருவதற்கு அப்பா இப்போதே சேட் வாங்கி வைத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

ஆனால் ஆங்கஸ் பிரேஷாவின் படம் இன்னும் உன் அறைச் சுவரில்தான் இருக்கிறது. 2021இல் மெல்பர்ன் அணியோடு கிண்ணம் தூக்கியவர், 2024 பெப்ரவரியில் 28 வயதில் விளையாட்டை விட்டார். காலோ கையோ காரணம் இல்லை. உங்கள் ஊர்ப் பெருந்தெரு ஒன்றுக்கே கிரஹாம் ஃபார்மரின் பெயர்தான். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர். அவர் 2019இல் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்து, திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வரும் சி.டி.ஈ. நோய் இருந்தது என்று 2020இல் சொன்னார்கள். அந்தத் தெருவால் போகும்போதெல்லாம் பெயர்ப்பலகையைப் பார்.

பயமுறுத்துகிறேன் என்பாய். வைத்துக்கொள்.

அந்த டொக்டர் கேள்வி கேட்கும்போது "ஒன்றுமில்லை" என்ற பதிலைச் சொல்லாதே. சிறுவயதில் காய்ச்சலோடு பாடசாலைக்குப் போக நீ சொல்லும் அதே பதில். தலை வலிக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா, வாந்தி வருகிறதா, எல்லாவற்றையும் சொல். நேரத்துக்குத் தூங்கு.

செவ்வாய்க்கிழமை டொக்டரைப் பார்த்துவிட்டு எனக்கு அழைப்பு எடு. இங்கே உங்களை விட இரண்டு மணி நேரம் கூட என்பதை மறக்காதே. புதன் காலைக்குள் எடுக்காவிட்டால் அன்று மாலை விமானத்தில் வருகிறேன். வந்தால் நேராகக் கழகத்துக்குத்தான் வருவேன், புட்டுப் பாத்திரத்தோடு. உன் நண்பர்கள் முன்னால் வெட்கப்படப் போவது நீதான்.

அம்மா