மங்கும்வரை காத்திருக்கச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில், "பார்வை மங்கினால் கண் பரிசோதனை செய்துகொண்டால் போதும்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. இதை நம்பி ஒருவர் ஓராண்டு தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பது தாங்கள் அறியாததல்ல.

கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) பெரும்பாலும் வலிக்காது. முதலில் போவது பக்கப் பார்வை. சுவரில் உள்ள அட்டையைக் கடைசி வரிவரை படித்துவிடுவார்கள். ஆனால் பக்கத்தில் வரும் வண்டி தெரியாது. மங்கலாகிறது என்று வரும்போது பார்வை நரம்பில் பெரும்பகுதி போயிருக்கும். போனது எந்த சிகிச்சையாலும் திரும்பாது. கண் அழுத்தம் இயல்பான அளவில் (21 மி.மீ. பாதரசத்துக்குள்) இருப்பவர்களுக்கும் இந்நோய் வரும் என்பதால், அழுத்தத்தை மட்டும் அளந்து அனுப்பிவிடக் கூடாது; பார்வை நரம்பையும் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோயைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாதது மனதை வருத்தியது. விழித்திரையில் ரத்தம் கசியத் தொடங்கிய பிறகும் பார்வை 6/6 (குறையில்லாத பார்வை) இருக்கலாம். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால்தான் தெரியும். அந்த மருந்தில் கண் பாப்பா விரிய அரை மணி நேரம் ஆகும். அதன்பின் நாலைந்து மணி நேரம் எழுத்து கலங்கும், வெயில் கூசும், வண்டி ஓட்டக் கூடாது. "மருந்து வேண்டாம், சும்மா பாருங்கள்" என்று பலர் சொல்வது இதனால்தான். துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள் என்றாவது எழுதியிருக்கலாம்.

'இலவச கம்ப்யூட்டர் கண் பரிசோதனை' என்ற கடை விளம்பரத்தைச் செய்தி போல வெளியிட்டபோதே எழுதினேன். அந்த இயந்திரம் தரும் சீட்டில் வருவது கண்ணாடிப் பவரின் தொடக்க அளவுதான். மருந்து விடாமல் குழந்தைக்கு எடுத்தால் இல்லாத மைனஸ் பவரைக் காட்டும். சர்க்கரை ஏறியிருக்கும்போது எழுதிய கண்ணாடி, சர்க்கரை இறங்கியதும் பொருந்தாது. மெட்ராஸ் ஐ பரவியபோது மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போடச் சொன்னதும் தங்கள் இதழ்தான். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். அந்தக் கடிதங்களுக்குப் பதிலே இல்லை.

கேட்பது ஒரு சிறு பெட்டிச் செய்தி மட்டுமே. குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை. பள்ளியில் சேர்க்கும் முன் ஒவ்வொரு கண்ணாக மூடி ஒரு பரிசோதனை. சோம்பேறிக் கண்ணை (ஒரு கண்ணில் பார்வை சரியாக வளராத குறையை) 7 வயதுக்குள் பிடித்தால் சிகிச்சை எளிது. கண்ணாடி போட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது. 40 வயதில் முழுப் பரிசோதனை, பிறகு 2 ஆண்டுக்கு ஒருமுறை, 60க்கு மேல் ஆண்டுதோறும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ கண் அழுத்த நோய் இருந்தால் 40 வரை காத்திருக்கக் கூடாது. இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்றால் தெரிந்த உடனே, பிறகு ஆண்டுதோறும்.

இவ்வளவுக்கு இடமில்லை என்றால், சர்க்கரை நோயாளிகளுக்கான வரியையாவது வரும் ஞாயிறே, அதே பக்கத்தில் போட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணி நிறைவு பெற்ற கண் மருத்துவ உதவியாளர்,
தென்காசி.