பருவில் கை வைக்காதே, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று ராத்திரி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். "மாமா, இதை உடைச்சு விட்டுட்டா ரெண்டு நாள்ல போயிடுமா?" என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்று மட்டும் பதில் போட்டேன். ஏன் வேண்டாம் என்பது ஒரு வரியில் அடங்காது, அதனால் இந்தக் கடிதம். உன் வயசுப் பிள்ளைகள் பலர் நம் மருந்துக் கடைக்கு வந்து இதையேதான் கேட்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கன்னத்தில் சிவந்து தடித்த பரு ஒன்று, தாடை ஓரத்தில் மஞ்சள் முனையோடு இன்னொன்று. அவற்றை விட முதலில் கண்ணில் பட்டது சுற்றிலும் இருந்த பழுப்புத் திட்டுகள்தான். எல்லாம் நீ ஏற்கெனவே நகம் வைத்த இடங்கள். பரு எப்போதோ போய்விட்டது, கறை மட்டும் நிற்கிறது.

பரு தோலின் மேலே வந்தது போலத் தெரிந்தாலும் அது உண்டாவது உள்ளே. முகத்தில் மயிர்க்காலோடு ஒட்டி எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. உன் வயசில் ஆண்ட்ரஜன் என்ற ஆண் ஹார்மோன்கள் ஏறுவதால் அந்தச் சுரப்பி பெருத்து அதிகமாகச் சுரக்கும். செத்த தோல் செல்கள் உதிர்ந்து வெளியே வராமல் அந்த எண்ணெயோடு சேர்ந்து துளையை அடைத்துக்கொள்ளும். வாய் திறந்த அடைப்புதான் கரும்புள்ளி. அந்தக் கறுப்பு அழுக்கே இல்லை, எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது. வாய் மூடிய அடைப்புக்குள் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகும். எல்லோர் தோலிலும் சும்மா குடியிருப்பதுதான் அது. உடம்பு அதை எதிர்த்து வெள்ளை அணுக்களை அனுப்புகிறது. சிவப்பு, வலி, சீழ் எல்லாம் அதனால் வருவதுதான். இது அத்தனையும் நடந்து கண்ணுக்குப் பருவாகத் தெரிவதற்கே வாரக்கணக்கில் ஆகும்.

சரி, அதை அழுத்தினால் என்ன ஆகும்? கிழிக்காத ஷாம்பு பாக்கெட்டை விரலால் நசுக்கிப் பார். எந்தப் பக்கம் பலவீனமோ அந்தப் பக்கம் பிய்த்துக்கொண்டு போகும். மயிர்க்காலின் சுவர் மெல்லியது. நீ அழுத்தும்போது கொஞ்சம் சீழ் வெளியே வருகிறது, அதைப் பார்த்து உனக்கு ஒரு திருப்தி. ஆனால் அதே அழுத்தத்தில் அடிச்சுவர் கிழிந்து எண்ணெயும் கிருமியும் தோலின் கீழ் அடுக்குக்குள் போய்விடலாம். அங்கே புதிதாக வீக்கம் கிளம்பும். ராத்திரி மிளகளவு இருந்தது காலையில் சுண்டைக்காய் அளவில் நிற்பது இதனால்தான். உன் கன்னத்துப் பருவில் சீழே இன்னும் கட்டவில்லை. அதை நசுக்கினால் வெளியே வர எதுவுமே கிடையாது, எல்லாம் உள்ளேதான் போகும்.

"முளையை எடுத்தாத்தான் ஆறும்" என்று உன் அம்மாச்சி சொல்வார். அது கட்டிக்குச் சொல்லிவந்த பேச்சு. கட்டிக்கே வீட்டில் நகத்தால் அந்த வேலையைச் செய்யக் கூடாது, டாக்டர்தான் கீறிச் சீழை எடுக்க வேண்டும். பருவுக்கு அந்தப் பேச்சு பொருந்தவே பொருந்தாது.

நம் நிறத்துக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. நம் தோலில் நிறம் தரும் மெலனின் அதிகம். வெயிலைத் தாங்க அது நல்லது. ஆனால் தோலில் எங்கே வீக்கம் வந்தாலும் அங்கே மெலனின் கூடிக் கறையாகும், மாசக்கணக்கில் நிற்கும். தானாக விட்டால் ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிப்போகும் பருவுக்கு நீ அவ்வளவு நீளமான அடையாளத்தை வாங்கிக் கொடுக்கிறாய். கறையாவது என்றைக்காவது மங்கும், பள்ளம் மங்காது. வீக்கம் ஆழமாகப் போய், தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்ற புரதத்தைத் தின்றுவிட்டால் தோல் குழிந்தபடியே ஆறிவிடும். எந்தக் க்ரீமும் அதை நிரப்பாது. லேசர், நுண்ணிய ஊசிகளால் குத்தும் மைக்ரோநீட்லிங் என்று பல தடவை போய்ப் பணம் கட்டினாலும் முழுசாகச் சமமாவது அபூர்வம். இருபத்தைந்து வயசுப் பையன்கள் குழிவிழுந்த கன்னத்தோடு வந்து "இதுக்கு ஏதாவது ட்யூப் இருக்கா அண்ணா" என்று கேட்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

இன்னொன்று. மூக்கின் மேல்பகுதியிலிருந்து வாயின் இரு ஓரங்கள் வரை உள்ள முக்கோணத்தில் எப்போதும் கை வைக்காதே. அந்த இடத்து ரத்தக் குழாய்களுக்குக் கண் குழி வழியாக மூளையடிச் சிரைகளோடு தொடர்பு உண்டு. அங்கிருந்து கிருமி உள்ளே போவது மிக அரிது, உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் போனால் உயிருக்கே ஆபத்து. மூக்கோரப் பருவைக் கிள்ளிய பிறகு கண் வீங்கி, காய்ச்சலும் தலைவலியும் வந்தால் காலை வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்றைக்கு என்ன செய்வது? கன்னத்துப் பருவுக்கு ஐஸ் கட்டியைச் சுத்தமான துணியில் சுற்றி ஒன்றிரண்டு நிமிஷம் வை, வீக்கமும் வலியும் குறையும். மஞ்சள் முனை உள்ளதற்கு ஹைட்ரோகொலாய்டு பேட்ச் ஒன்று ஒட்டிக்கொண்டு தூங்கு. கசிவதை அது உறிஞ்சிக்கொள்ளும். அதைவிட முக்கியம், உன் விரல் அங்கே போகாது.

அப்புறம் அடுத்த பரு வராமல் தடுக்கும் வைத்தியம். தோல் டாக்டரிடம் ஒரு தடவை காட்டி எழுதி வாங்கிக்கொள். உன்னுடையது போன்ற பருவுக்குப் பெரும்பாலும் பென்சாயில் பெராக்சைடும் அடாபலீனும் எழுதுவார்கள். பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் கொல்லும். 2.5 சதவீதமே போதும், 10 சதவீதம் போட்டால் எரிச்சல்தான் கூடும். துணியில் பட்டால் வெளுத்துவிடும், அதனால் ஹாஸ்டல் தலையணைக்கு வெள்ளை உறை போட்டுக்கொள். அடாபலீன் 0.1 சதவீத ஜெல் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். ராத்திரி முகம் கழுவி ஈரம் காய்ந்த பிறகு ஒரு பட்டாணி அளவு எடுத்து, பரு வரும் பகுதி முழுக்க மெல்லிசாகத் தடவ வேண்டும். பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பதில் பயனில்லை. முதல் சில வாரங்கள் தோல் காயும், உரியும், பரு கூடினது போலக்கூடத் தெரியும். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். மாய்ஸ்சரைசர் போட்டுக்கொண்டு 8 முதல் 12 வாரம் பொறுத்தால்தான் பலன் தெரியும். பகலில் சன்ஸ்க்ரீன் அவசியம், இல்லாவிட்டால் பழைய கறைகள் வெயிலில் இன்னும் கறுக்கும். அடாபலீன் கர்ப்பிணிகளுக்கு ஆகாது, உன் அக்கா கேட்டால் நீட்டிவிடாதே.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை வேறு. ஹாஸ்டலில் யாராவது ஒரு ட்யூபைக் கொடுத்து, "மூணே நாள்ல முகம் பளிச்சுனு ஆயிடும்டா" என்பான். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். ஆமாம், மூன்று நாளில் சிவப்பு அடங்கும், நிறமும் வெளுக்கும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும், திரும்பியதும் மறுபடி தடவச் சொல்லும். மாசக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், முகத்தில் முடி வளரும், வெயிலில் நின்றால் எரியும். 2018-ல் அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவே போட்டது. அப்படியும் சீட்டில்லாமல் விற்பவர்கள் இருக்கிறார்கள் என்பது எங்கள் தொழிலுக்கே அவமானம். ட்யூபில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும் நீயாக முகத்தில் தடவாதே. பெயர் புரியாவிட்டால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

பற்பசை, எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா மூன்றும் தோலைப் புண்ணாக்கும். முகத்தை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவினால் போதும், ஸ்க்ரப் வேண்டாம். தலைக்கு எண்ணெய் வைத்தால் நெற்றியில் வழியவிடாதே. ஜிம்முக்காக வே புரோட்டீன் குடிக்க ஆரம்பித்த பிறகு பரு கூடியிருந்தால் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்.

மூன்று மாசத்தில் சரியாகாவிட்டாலோ, உள்ளே கல் மாதிரி வலிக்கும் பருக்கள் வந்தாலோ, முதுகிலும் மார்பிலும் பரவினாலோ டாக்டரிடம் உடனே மறுபடி போ. அந்த மாதிரி பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எழுதுவார்கள், ரத்தப் பரிசோதனையோடு அவர் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும். போகும்போது இதுவரை முகத்தில் போட்ட எல்லா ட்யூபையும் ஒரு கவரில் எடுத்துக்கொண்டு போ. செலவைப் பற்றி யோசிக்காதே, நான் அனுப்புகிறேன். சனிக்கிழமை காலையில் போக முடியுமா என்று மட்டும் சொல்.

அன்புடன்,
மாமா