புல்வெளியையும் காட்டுங்கள்: பாரிஸில் தமிழ்ப் பயணிகளுக்கு வழிகாட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த வழிகாட்டி நண்பர்களுக்கு,

வணக்கம். சென்ற கோடையில் ஈபிள் கோபுரத்தின் அடியில் ஒரு தமிழ்க் குழுவை ஒட்டி நின்றிருந்தேன். கோபுரத்தின் உயரம், எடை, படிக்கட்டு என்று ஒன்று விடாமல் ஒப்பித்த வழிகாட்டியிடம், "எதிரே இவ்வளவு பெரிய புல்வெளி எதற்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "நின்று படம் எடுக்கத்தான் ஐயா" என்று பதில் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

ஆனால் கோபுரத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது அந்தத் திடல். 15ஆம் லூயி 1751இல் நிறுவிய இராணுவப் பள்ளியின் மாணவர்கள் அணிவகுத்துப் பயில்வதற்காக, காய்கறி விளைந்த நிலத்தைச் சமன்செய்து அதை அமைத்தார்கள். பண்டைய ரோமில் போர்த் தெய்வமான மார்ஸின் பெயரில் இருந்த பயிற்சித் திடலை நினைத்து ஷான் து மார்ஸ் என்று பெயரிட்டார்கள். நெப்போலியன் பயின்ற அப்பள்ளி திடலின் மறுமுனையில் இன்றும் இராணுவத்தின் வசமே இருக்கிறது.

படைக்கென்று வெட்டவெளியாக விடப்பட்ட இடம் என்பதால்தான் ஊரே கூடும் இடமாகவும் அது ஆயிற்று. 1783 ஆகஸ்ட் 27 அன்று ஹைட்ரஜன் நிரப்பிய முதல் பலூன் இங்கிருந்து மேலெழுந்து கொனெஸ் என்ற கிராமத்தில் இறங்கியபோது, மிரண்ட கிராமத்தார் அதைக் கவைக்கோலால் குத்திக் கிழித்துவிட்டார்கள். (குழந்தைகள் உள்ள குழுவுக்கு இந்தக் கதை ஒன்றே போதும்.)

பிரெஞ்சுப் புரட்சியில் பாஸ்டில் சிறைக்கோட்டை வீழ்ந்ததன் முதலாம் ஆண்டு நிறைவாக 1790 ஜூலை 14 அன்று இங்கே நடந்த விழாவுக்கு மண் வேலை முடியாமல் இழுத்தபோது, நகரத்தார் தாமே மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக வந்து கரை எழுப்பினார்கள். கொட்டும் மழையில் தேசியக் காவல்படையின் தளபதி லஃபாயெத் நாட்டுக்கு உறுதிமொழி எடுத்தார், அரசர் 16ஆம் லூயியும் எடுத்தார். பிரான்ஸின் தேசிய நாள் பாஸ்டில் வீழ்ந்ததை மட்டுமன்றி இந்த விழாவையும் நினைவுகூர்கிறது. ஓராண்டும் மூன்று நாளும் கழித்து, தப்பியோட முயன்று பிடிபட்ட அரசரை மீண்டும் அரியணையில் ஏற்றக் கூடாது என்று மனுவில் கையெழுத்திட இதே திடலில் கூடியவர்கள்மீது, அதே லஃபாயெத்தின் தேசியக் காவல்படை சுட்டது. அன்று இராணுவச் சட்டத்தை அறிவித்த மேயர் பாயி, அடிப்படையில் ஒரு வானியலாளர். 1793 நவம்பரில் அவர் தலையை வெட்ட, கில்லட்டினை இத்திடலுக்கே கொண்டுவந்தார்கள்.

1889 உலகக் கண்காட்சிக்காகக் கோபுரம் எழுந்ததும், பின்னர் படைப்பயிற்சி நகரின் விளிம்புக்குப் போனதும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபார்மிஜே என்ற கட்டடக் கலைஞர் இதைப் பூங்காவாக்கியதும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடக் கூடியவை.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: பேருந்தைக் கோபுரத்தடியில் நிறுத்தாமல், இராணுவப் பள்ளிப் பக்கம் இறக்கிவிட்டு, குழுவைத் திடல் வழியே நடத்திக் கூட்டி வாருங்கள். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரந்தான். முதியவர்களும் மெதுவாக நடந்துவிடுவார்கள்.

அன்புடன்,
பாரிஸில் வாழும் ஒரு தமிழர்