யோசிக்க நேரம் கொடுத்த உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்காக என் இடது மார்பகத்தை எடுத்தாயிற்று. கீமோ முடிந்தது, கதிர்வீச்சும் முடிந்தது. அதன் பிறகு தோல் ஆறட்டும் என்று பல மாதம் காத்திருந்தோம். இப்போது மார்பக மறுசீரமைப்புக்கு, அதாவது எடுத்த மார்பகத்தை மறுபடி உருவாக்கும் ஆபரேஷனுக்கு, நாள் குறித்திருக்கிறார்கள். மறுபடி மயக்க மருந்து, மறுபடி தையல். அதற்குப் போகும் முன் உங்களுக்கு எழுதிவிட நினைத்தேன். நேரில் சொல்ல வாயெடுத்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. எழுத்தில் என்றால் முழுதாகச் சொல்லிவிடலாம்.

நோய் என்று தெரிந்த நாளிலிருந்து எல்லாமே ஓட்டமாக நடந்தது. ஸ்கேன், பயாப்ஸி, கையெழுத்து, ஆபரேஷன். அந்த ஓட்டம் தேவைதான். ஆனால் கட்டி போன பிறகு என் நெஞ்சு எப்படி இருக்க வேண்டும் என்ற விஷயத்தில் நீங்கள் யாரும் என்னை விரட்டவில்லை. யோசிக்க நேரம் கொடுத்தீர்கள், கேட்டபோதெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னீர்கள். இந்த மடல் முக்கியமாக அதற்காகத்தான்.

டாக்டர், முதல் ஆபரேஷனுக்கு முன் நான் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். "எடுக்கும்போதே புதிதாக வைத்துவிட முடியாதா?" பலருக்கு அப்படிச் செய்யலாம் என்றீர்கள். எனக்கு ஏன் தள்ளிப்போடச் சொல்கிறீர்கள் என்பதையும் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினீர்கள். அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களுக்கும் நோய் போயிருந்ததால் எனக்குக் கதிர்வீச்சு உறுதி. புது மார்பகமாகச் சிலிக்கோன் பை வைத்த இடத்தில் கதிர்வீச்சு பட்டால், பையைச் சுற்றி உடம்பு போட்டுக்கொள்ளும் தழும்பு உறை இறுகிப்போகும் வாய்ப்பு கூடுகிறது. வலி வரலாம், வடிவமும் கோணலாகலாம். சொந்தத் திசுவை வைத்தாலும் கதிர்வீச்சில் அது சுருங்கவோ கெட்டிப்படவோ கூடும். "முதலில் நோயைப் பார்ப்போம். மறுசீரமைப்புக்குக் காலக்கெடு கிடையாது. வருடங்கள் கழித்துக்கூடச் செய்யலாம்" என்றீர்கள். காலக்கெடு கிடையாது என்ற அந்த ஒரு வார்த்தைதான் அன்றைக்கு என்னைத் தூங்க வைத்தது.

முகமே தெரியாத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். எடுத்த திசுவை மெல்லிய சீவல்களாக்கி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, வெட்டிய விளிம்புகளில் புற்றுச்செல் இல்லை என்று எழுதிக் கொடுத்த பேத்தாலஜி மருத்துவர் அவர். அந்த அறிக்கையில் என்னுடைய மீதிச் சிகிச்சை முழுவதும் இருந்தது. இவர்களுக்கு நோயாளிகள் நன்றி சொல்லி நான் பார்த்ததில்லை.

வார்டில் இருந்த சிஸ்டருக்கு. விலாவில் இரண்டு குழாய்களோடு கண் விழித்தேன். ஒவ்வொன்றின் முனையிலும் கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் குமிழ். டிரெயின் என்றார்கள். ரத்தமும் நிணநீரும் உள்ளே தேங்கி வீங்காமல் வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும் என்றார்கள். எனக்கு அதைப் பார்க்கவே தலை சுற்றியது. நீங்கள் என் கையைப் பிடித்து, குமிழை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடியை எப்படிப் போடுவது, குழாயில் கட்டியாக அடைத்தால் விரலால் எப்படி மெதுவாக நீவி இறக்குவது என்று செய்து காட்டினீர்கள். முதலில் சிவப்பாக வரும், பிறகு இளஞ்சிவப்பு, அப்புறம் வைக்கோல் நிறம். நிறம் மறுபடி கருஞ்சிவப்பானாலோ, துர்நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே கூப்பிடு. ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்து அப்படியே நின்றால் எடுத்துவிடலாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "திரும்பச் சொல்லுங்க பார்ப்போம்" என்றீர்கள். சொன்னேன். ஆபரேஷனுக்குப் பிறகு என் உடம்பைப் பற்றி எனக்கு ஏதோ தெரியும் என்று தோன்றிய முதல் தருணம் அது.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டது அண்ணி. தினம் காலையும் மாலையும் அளந்து, நோட்டில் நேரம், எந்தக் குழாய், எத்தனை மில்லி, என்ன நிறம் என்று எழுதி வைத்தீர்கள். அளக்கும்போது ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. குமிழ்கள் தொங்கி இழுக்காதபடி முன்புறம் பொத்தான் வைத்த சட்டையின் உள்பக்கத்தில் பை தைத்துக் கொடுத்தீர்களே, அதைப் போட்டுக்கொண்டுதான் நான் முதல் தடவை வாசல் வரை நடந்தேன். தலை குளிப்பாட்டியபோது பேச்சுக் கொடுக்காமல் இருந்ததற்கும் நன்றி, அண்ணி. அன்றைக்கு எனக்குப் பேச ஒன்றுமில்லை. நீங்கள் அதைப் புரிந்துகொண்டீர்கள்.

என் கணவருக்கு நான் எழுதும் மீதியெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். கட்டுப் பிரித்த நாளில் டாக்டர் என்னிடம் பார்க்கிறீர்களா என்று கேட்டபோது நான் வேண்டாம் என்றேன். நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, "நேர்க்கோடாக இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது, நீ எப்போது தயாரோ அப்போது பார்" என்றீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் கண்ணாடி முன் நின்றபோது நீங்கள் சொன்னது போலவே இருந்தது.

பிசியோதெரபிஸ்ட் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் இந்தப் பகுதியை யாரும் முன்கூட்டி எனக்குச் சொல்லவில்லை. மார்பை எடுத்தால் மார்பில்தான் வலிக்கும் என்று நினைத்திருந்தேன். கைதான் படுத்தியது. மேல்கையின் உள்பக்கம் மரத்துப் போயிருந்தது. அக்குள் வழியாகப் போகும் ஓர் உணர்வு நரம்பு இந்த ஆபரேஷனில் நீண்டோ அறுந்தோ போவது உண்டு என்று நீங்கள் சொன்ன பிறகுதான் பயம் தெளிந்தது. சில வாரம் கழித்து அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறு கட்டியது போல இழுத்தது. கையை உயர்த்தினால் அந்தக் கயிறு கண்ணுக்கே தெரிந்தது. நோய் திரும்ப வந்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். நீங்கள் விரலை வைத்துப் பார்த்ததும், அக்குள் அறுவைக்குப் பிறகு பலருக்கு இப்படி வரும், நீட்டினால் தளரும் என்றீர்கள். சுவரில் விரல்களால் மெல்ல மெல்ல ஏறச் சொன்னீர்கள். எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு. நாளுக்கு நாள் கோடு ஏறியது. வலி தாங்காமல் அழுதபோது நிறுத்தச் சொன்னீர்கள், ஆனால் விட்டுவிடச் சொல்லவில்லை. கதிர்வீச்சுக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்து அசையாமல் படுக்க வேண்டும். அப்படி என்னால் படுக்க முடிந்தது உங்களால்.

கை தூக்க முடிந்ததற்கு இன்னும் சிலருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஹால்ஸ்டெட் பரப்பிய முறையில் மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குள் கணுக்களையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். பல பத்தாண்டுகள் அதுதான் வழக்கம். விலா எலும்பு தெரியும் நெஞ்சோடும் வீங்கிய கையோடும் வாழ்ந்த பெண்கள் எத்தனை பேர்! 1971இல் பெர்னார்ட் ஃபிஷரின் குழு அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. 1,600க்கு மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்தார்கள். யாருக்குப் பெரிய ஆபரேஷன், யாருக்குச் சிறியது என்பதைக் குலுக்கல் போலத்தான் தீர்மானித்தார்கள். தசையோடு எடுத்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை என்பது தெரிந்தது. 25 வருடத் தொடர் கண்காணிப்பின் முடிவு 2002இல் வந்தபோதும் அதுவேதான். தங்களுக்கு எது நல்லது என்று மருத்துவமே அறியாதிருந்த காலத்தில், அதைக் கண்டுபிடிக்கத் தங்கள் உடம்பைக் கொடுத்தவர்கள் அவர்கள். என் நெஞ்சுத் தசை இன்று என்னிடம் இருக்கிறது. நன்றி, அம்மாக்களே, உங்கள் எல்லோருக்கும்.

இப்போது, என்னைப் பார்க்க வந்த அந்தத் தன்னார்வலர் அக்காவுக்கு. மார்பகம் இழந்த ஒருத்தி இன்னொருத்தியைப் போய்ப் பார்க்கும் வழக்கத்தை 1952இல் தொடங்கியவர் டெரீஸ் லாசர் என்ற அமெரிக்கப் பெண். தனக்கு ஆபரேஷன் ஆன பிறகு ஒரு பந்தையும் கயிற்றையும் தற்காலிக மார்புப் பஞ்சையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனை மருத்துவமனையாகப் போனாராம். அவரைப் பற்றி எனக்குச் சொன்னது நீங்கள்தான் அக்கா. ஆனால் உங்களுக்கு நான் நன்றி சொல்வது அதற்காக இல்லை. மறுசீரமைப்பு செய்த மார்பு எப்படி இருக்கும் என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். நீங்கள் கதவைச் சாத்திவிட்டு வந்து காட்டினீர்கள். தழும்புகளை ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள், மார்புக்காக வயிற்றிலிருந்து திசு எடுத்த நீளத் தழும்பையும்கூட. தொட்டுப் பார் என்றீர்கள். கதகதப்பாக இருந்தது. "எனக்கு நீ தொடுவது தெரியவில்லை, அழுத்தினால் கொஞ்சம் தெரிகிறது" என்றும் சொன்னீர்கள். அழகான படங்களைக் காட்டி என்னைத் தேற்றியிருக்கலாம். நீங்கள் உண்மையைக் கையில் கொடுத்தீர்கள். நான் தீர்மானம் எடுத்தது அன்றைக்குத்தான்.

என் தோழிக்கும் இங்கே ஒரு வார்த்தை. அவளும் இதே பாதையில் எனக்கு முன் போனவள். மறுசீரமைப்பு வேண்டாம், தட்டையாகவே இருக்கிறேன் என்று முடிவு செய்து நிம்மதியாக இருப்பவள். அடி, நீ தேர்ந்தெடுத்ததை ஒரு தடவைகூட என் தலையில் கட்டவில்லை. நான் வேறு வழியில் போகிறேன் என்றதும் கோபமோ ஏமாற்றமோ இல்லாமல், "எந்த டாக்டர்? எப்போது பார்க்கப் போகிறாய்? நான் வருகிறேன்" என்றாய். வந்தாய். என் கேள்விகளை நீ எழுதிக்கொண்டு வந்திருந்தாய்.

உயிர் பிழைத்ததே பெரிது, இனி இது எதற்கு என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, என்மேல் உள்ள பயத்தில் கேட்டார்கள். அவர்களுக்கு என் பதில் இதுதான்: பஞ்சு வைத்த உள்ளாடையோடு நாளைக் கழிக்க முடிகிறது, கழிக்கிறேன். ஆனால் குளிக்கும்போதும் குனியும்போதும் என் உடம்பு என் உடம்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆசைப்படுவதற்கு நோய் தடையாக இருக்க வேண்டியதில்லை.

பிளாஸ்டிக் சர்ஜனுக்கு முன்கூட்டியே நன்றி. தோலுக்கடியில் பை வைத்து வாரா வாரம் சலைன் ஏற்றி விரித்து, பிறகு சிலிக்கோன் பை வைப்பது, முதுகுத் தசையைத் திருப்பி வைப்பது, அடிவயிற்றுத் திசுவை எடுத்து வைப்பது என்று எல்லா வழியையும் அவற்றின் குறைகளோடு சொன்னீர்கள். கதிர்வீச்சு பட்ட என் தோலுக்குக் கடைசி வழி பொருந்தும் என்று நாம் பேசி முடிவெடுத்தோம். டிஐஇபி என்று சுருக்கிச் சொல்லும் அந்த முறையில் வயிற்றுத் தசையை விட்டுவிட்டு, தோலையும் கொழுப்பையும் அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களோடு எடுத்து, நெஞ்செலும்புக்குப் பக்கத்தில் இருக்கும் குழாய்களோடு நுண்ணோக்கியில் பார்த்துத் தைப்பீர்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலக் குழாய்களுக்குத் தலைமுடியைவிட மெல்லிய நூல். மிகச் சிலருக்கு அந்தக் குழாய் அடைத்துக்கொண்டு திசு பிழைக்காமல் போகும் என்பதையும் மறைக்கவில்லை. காம்பு வைப்பது, நிறம் ஏற்றுவது, மறு மார்பைச் சமன் செய்வது எல்லாம் பிறகு, வேண்டுமென்றால் மட்டும் என்றீர்கள்.

நீங்கள் கொடுத்த வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறேன். வயிற்றின் ரத்தக் குழாய்களைப் பார்க்கும் சிடி ஸ்கேன் ஆயிற்று. ஹீமோகுளோபின் ஏறியிருக்கிறது. தினமும் நடக்கிறேன். நோய் திரும்பாமல் இருக்க நான் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரையை, ரத்தம் உறையும் வாய்ப்பைக் குறைக்க, எப்போது நிறுத்த வேண்டும், எப்போது மறுபடி தொடங்க வேண்டும் என்று நீங்களும் புற்றுநோய் மருத்துவரும் பேசி எழுதிக் கொடுத்த தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. என் அலுவலக நண்பர்கள் என் வேலையை மறுபடி தங்களுக்குள் பிரித்துக்கொண்டுவிட்டார்கள். முதல் தடவையே நான் கேட்காமல் செய்தவர்கள் அவர்கள், இந்த முறையும் அப்படியே.

ஆபரேஷனுக்குப் பிறகு பார்க்க வர விரும்புபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நாள் இரவு முழுவதும் மணிக்கொரு தடவை சிஸ்டர்கள் வந்து புதுத் திசுவின் நிறமும் சூடும் ரத்த ஓட்டமும் பார்ப்பார்கள், அறையையும் வெதுவெதுப்பாக வைத்திருப்பார்கள். அந்த நாள்களில் வர வேண்டாம். அண்ணியிடம் கேட்டுவிட்டு வாருங்கள். புகைபிடிப்பவர்கள் கொஞ்ச நாள் என் பக்கத்தில் வராதீர்கள், நிகோடின் அந்தச் சின்னக் குழாய்களைச் சுருக்கிவிடும். வயிற்றுத் தையல் இழுப்பதால் ஆரம்பத்தில் கூனிக்கொண்டுதான் நடப்பேன், பார்த்துப் பயப்படாதீர்கள். சில வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது. யாராவது கூட வந்து நடந்தால் நன்றாக இருக்கும். காலையில் ஆறரைக்குத்தான் நடப்பேன். வர முடிந்தவர்கள் சொல்லுங்கள்.

மிகுந்த அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் தோழி